வண்டிக்குப் பூச்சு உண்டு, கைக்கு?

காரைக்குடியில் கார் கழுவும் கடையொன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் எங்கள் சேரிக்காரன். டிப்ளமோ முடித்து, திருப்பூரில் கொஞ்ச நாள், ஓசூரில் கொஞ்ச நாள் என்று இருந்துவிட்டு, அம்மாவுக்காக ஊர் திரும்பியவன். காலையில் பேருந்து பிடித்துப் போவான், இரவு கடைசிப் பேருந்தில் வந்து இறங்குவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினான். மேற்கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணத்துக்காகச் செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டுக்கு வந்த ஒரு குடும்பத்தின் வண்டி. வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லையாம். அதைக் கழுவி, பூச்சு போட்டு, திருப்பிக் கொடுக்க இவர்களுக்கு நான்கு நாள் பிடித்திருக்கிறது.

"புது வண்டியில நாலு நாளைக்கு என்னடா வேலை?" என்று கேட்டேன்.

"புது வண்டிதான்ணே கஷ்டம். பழைய வண்டியில கீறல் விழுந்தா யாரும் கேக்க மாட்டாங்க. இதுல முடியளவு கீறல் விழுந்தாலும் நம்ம சம்பளம் போச்சு."

பிறகு அவன் சொன்ன விவரம் முழுவதையும் கேட்டேன். சாதியைப் பற்றி எழுத வேண்டிய பத்தியில் கார் கழுவுவதைப் பற்றி எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். எங்கள் மாவட்டத்தில் இரண்டும் வேறு வேறு சங்கதி இல்லை.

தூசியைத் துடைக்கும் முறை

செட்டிநாட்டுச் செம்மண் புழுதி ஊருக்கே தெரியும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குன்றக்குடி வரை பைக்கில் போய் வந்தால் போதும், சட்டை சொல்லிவிடும். அந்தப் புழுதி படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைப்பதுதான் நம் ஊர் வழக்கம். ஒவ்வொரு தெருவிலும் காலையில் ஒரு டிரைவர் அண்ணன் மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். அதுதான் பெயிண்டுக்கு எமன் என்கிறான் தம்பி. மண் துகள் துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உப்புக் காகிதம்போல் தேய்க்கும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும்.

ஆகவே முதலில் தண்ணீரை மட்டும் அடித்து மண்ணை இளக்க வேண்டும். பிறகு நுரை. பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசி, மண்ணை உதறிவிட்டுத்தான் ஷாம்பூ வாளியில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி. வெயிலில் கழுவக்கூடாது. போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது; அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பாத்திரம் விளக்கும் சோப்பு ஆகவே ஆகாது.

திறந்த காரில் கூடுதல் வேலை இருக்கிறது. கூரை துணியால் ஆனது. அதன்மேல் தண்ணீரைக் கிட்டத்தில் வைத்து வேகமாக அடித்தால் தையல் விடும், ரப்பர் பீடிங் வழியாக உள்ளே இறங்கும். மெல்லிய பிரஷ்ஷால் நெசவோடு ஒட்டித் தேய்க்க வேண்டும். முழுவதும் காயும்வரை மடக்கக்கூடாது. ஈரத்தோடு மடக்கினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். காய்ந்த பிறகு தண்ணீர் ஒட்டாத திரவத்தைத் தெளிக்க வேண்டும். கூரையில்லாமல் ஓட்டினால் தோல் இருக்கை வெயிலில் வெடிக்கும். அதற்கும் ஒரு பூச்சு உண்டு.

இவ்வளவுக்கும் பிறகுதான் செராமிக் பூச்சு. அது போக, கல் தெறித்தாலும் பெயிண்ட் பெயராமலிருக்க உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாஸ்டிக் தோல் ஒட்டுகிறார்கள். அந்தத் தோலுக்கு மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிவிடும்.

"இதுல முக்கியமானது எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றான். எனக்குத் தெரியவில்லை. "பூச்சு போடுறதுக்கு முன்னாடி கழுவுறதுதான்ணே. அழுக்கை எடுக்காம பூச்சு போட்டா, அந்தப் பூச்சு அழுக்கைத்தான் பாதுகாக்கும். அப்புறம் சுரண்டித்தான் எடுக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அவன் கைகளைப் பார்த்தேன். விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. சக்கரத்துக் கறையை எடுக்கும் திரவங்கள் சிலவற்றில் அமிலம் இருக்கிறது. பெயிண்டில் படக்கூடாது என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. கையில் படக்கூடாது, கையுறை போட வேண்டும் என்றும் அதே டப்பாவில் எழுதியிருக்கிறது. கடையில் முதல் எச்சரிக்கையை மட்டும்தான் கடைப்பிடிக்கிறார்கள். வண்டிக்கு மூன்று அடுக்குப் பாதுகாப்பு. கைக்கு ஒரு ரப்பர் உறைகூட இல்லை. அந்தக் கடையில் கழுவுகிற ஐந்து பேரில் நான்கு பேர் எந்தத் தெருக்காரர்கள் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பளபளப்பும் துருவும்

பளபளப்பைப் பாதுகாப்பதில் எங்கள் ஊர் கெட்டிக்கார ஊர். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் செய்து சேர்த்த பணத்தில் எழுந்த செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. நூறு ஆண்டு ஆகியும் கண்ணாடிபோல் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்து வியக்கிறார்கள். தேய்த்த கைகள் யாருடையவை என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

துருவைப் பற்றிய அறிவிலும் எங்கள் ஊர் சளைத்ததில்லை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். உலோகம் எப்படி அரிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்று முக்கால் நூற்றாண்டாக அங்கே ஆராய்கிறார்கள். துரு பிடித்த இரும்பின்மேல் பெயிண்ட் அடித்தால் துரு அடியில் வளரும், ஒருநாள் கொப்புளமாக வெடிக்கும் என்பதற்கு விஞ்ஞானி தேவையில்லை, எங்கள் ஊர்ப் பட்டறைக்காரரே சொல்வார்.

ஆனால் இதே மாவட்டத்தில் இன்னொரு துரு இருக்கிறது.

2025 பிப்ரவரி 12. மானாமதுரைக்குப் பக்கத்தில் மேலப்பிடாவூர். கல்லூரியில் படிக்கும் தலித் இளைஞர் ஒருவர் தன் புல்லட்டில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த மூன்று பேர் மறித்து, சாதியைச் சொல்லித் திட்டி, நீ எப்படி எங்கள் முன்னால் புல்லட் ஓட்டலாம் என்று கேட்டு, அரிவாளால் கைகளில் வெட்டினார்கள் என்பது புகார். அந்த மாணவர் மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது.

இத்தகைய வழக்குகளில் தவறாமல் வருகிற ஒரு சொல் இதிலும் வந்தது: முன்விரோதம். வண்டி காரணம் இல்லையாம், பழைய பகையாம். சரி, அந்தப் பகை எவ்வளவு பழையது என்று பார்ப்போம்.

1931-ல் போட்ட தடை

இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. அந்த இராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி அணியக்கூடாது, ஆண்கள் சட்டை பனியன் போடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளையிடப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாக நீண்டன. இம்முறை தேவேந்திரகுல வேளாளர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. பதினொன்றாவது தடை இது: கல்யாண ஊர்வலத்தில் குதிரையில் போகக்கூடாது, வீட்டுக் கதவைக் கழற்றித்தான் பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனத்தையும் பயன்படுத்தக்கூடாது. அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இந்தப் பட்டியலைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

எந்த வாகனமும் கூடாது, படிக்கக் கூடாது. 2025-ல் மேலப்பிடாவூரில் வெட்டுப்பட்டவர் கல்லூரியில் படிக்கிறவர், புல்லட் ஓட்டுகிறவர். ஒரே ஆள் இரண்டு தடைகளையும் மீறியிருக்கிறார். முன்விரோதம்தான், மறுக்கவில்லை. தொண்ணூறு ஆண்டு முன்விரோதம்.

வண்டி எது என்பதோ, வண்டியில் இருப்பவர் என்ன படித்திருக்கிறார் என்பதோ சாதிக்குப் பொருட்டே இல்லை. சிறுவன் அம்பேத்கர் கோரேகாவுக்குப் போனபோது எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, சிறுவர்களே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். வெளிநாட்டில் படித்துப் பாரிஸ்டராகத் திரும்பிய பிறகு, 1929-ல் சாளிஸ்கானிலும் அதே கதை. குதிரை வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வண்டியோட்டிப் பழக்கமில்லாத சொந்த மக்களே ஓட்டிப்போக, பாலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகி அவருக்குக் கால் முறிந்தது.

தூசிக்கு ஷாம்பூ இருக்கிறது. தீட்டுக்கு எந்தக் கடையிலும் ஷாம்பூ இல்லை. ஏனென்றால் தீட்டு வண்டியில் ஒட்டியிருப்பதில்லை, பார்க்கிறவர் மண்டையில் ஒட்டியிருக்கிறது.

எங்கள் மாவட்டத்தின் மிகப்பெரிய வண்டி எது தெரியுமா? தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவிக் கோயில் தேர். அதன் வடத்தைத் தொடும் உரிமைக்காக 1990-களின் இறுதியிலிருந்து தலித் மக்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். ஒருகட்டத்தில் தேர் பழுது என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் ஓட்டமே நின்றது. புதுத்தேர் செய்து, நீதிமன்றம் தலையிட்டு, 2024-ல் பெரும் போலீஸ் காவலோடுதான் ஓடியது. ஒரு கயிற்றை எல்லாரும் சேர்ந்து பிடிப்பதற்கு இவ்வளவு பாடு.

சட்டம் என்ற பூச்சு

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பதும், கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பதும் குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. 1931-ன் பட்டியலுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படியுங்கள். செருப்பு, குதிரை, வாகனம் என்று ஒன்றுக்கொன்று நேர்ப் பதில். 85 ஆண்டு கழித்து ஒரு நாடாளுமன்றம் மோட்டார் சைக்கிள் என்ற சொல்லைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்குத் தேவை இருந்தது என்று பொருள்.

நல்ல பூச்சுதான். ஆனால் அடியில் கழுவியிருக்கிறோமா?

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதைத்தான் எச்சரித்தார். அடிப்படையில் ஜனநாயகமற்ற இந்திய மண்ணின்மேல் தூவிய மேலுரம்தான் இங்கே ஜனநாயகம் என்றார். அரசியல் சட்டத்தை எழுதியவரே அதன்மேல் மயக்கம் கொள்ளவில்லை. நாம்தான் மேற்பூச்சைப் பார்த்துவிட்டு, வண்டி சுத்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கழுவுவது என்றால் என்ன? இரண்டு பக்கமும் புரிந்துணர்வு, சமாதானக் கூட்டம் என்று நான் சொல்லவில்லை. சமாதானக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும்: "கொஞ்ச நாளைக்கு அந்தத் தெரு வழியா வண்டியில போகாதப்பா" என்பதுதான் தீர்மானமாக இருக்கும். அழுக்கு யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் கழுவ வேண்டும். ஆதிக்கச் சாதியில் பிறந்து இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது நேரடியாக: மேலப்பிடாவூர்ச் செய்தி வந்த அன்று உங்கள் வீட்டு வாட்ஸாப் குழுவில் என்ன பேசினார்கள்? நீங்கள் என்ன பதில் போட்டீர்கள்? முகநூலில் கறுப்புப் படம் வைப்பது பூச்சு. வீட்டில் சித்தப்பாவிடம் சண்டை போடுவதுதான் கழுவல். அது கையை உரிக்கும் வேலை, தெரியும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. இந்தச் சட்டத்தின் விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். கடமை தவறும் அதிகாரிகளுக்கு 4-ம் பிரிவில் தண்டனை உண்டு. குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்தில் கூடியவரை விசாரணையை முடிக்க வேண்டும். நடைமுறை என்ன? இதே மாவட்டத்தின் கச்சநத்தத்தில் 2018 மே 28 அன்று தலித் மக்கள் தாக்கப்பட்டு மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2022 ஆகஸ்டில். தண்டனை கிடைத்ததே பெரிய விஷயம் என்று நாம் நிம்மதி அடைந்தோம். அந்த நிம்மதியே வெட்கப்பட வேண்டியது. உங்கள் மாவட்டத்தில் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான்.

வண்டி விடுதலையா?

தோழர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. புல்லட்டும் ஸ்போர்ட்ஸ் காரும் நுகர்வு வெறி இல்லையா, அதையா உரிமை என்பது? ஒரு கோடி ரூபாய் காரை நானும் கொண்டாடவில்லை. ஆனால் குடை ஆடம்பரமா? செருப்பு ஆடம்பரமா? 1930-ல் அவற்றைத்தானே தடுத்தார்கள். எது தேவை, எது ஆடம்பரம் என்று முடிவு செய்யும் அதிகாரம் எப்போதும் அடுத்தவரிடமே இருந்தால், நம் கைக்கு வருகிற எல்லாமே ஆடம்பரமாகத்தான் தெரியும். ஊர்த் தெருப் பையன் புல்லட் வாங்கினால் இளமை. சேரிப் பையன் வாங்கினால் திமிர். நுகர்வு வெறியை விமர்சிப்போம், அதற்கு முன்னால் எல்லாரும் வாங்கி ஓட்டட்டும்.

தம்பியின் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அவனிடமும் வண்டி இருக்கிறது. தவணையில் வாங்கிய 350 சிசி பைக். கறுப்பு நிறம். கடையில் மிஞ்சும் ஷாம்பூவால் இரண்டு வாளி வைத்துக் கழுவுகிறான். பெட்ரோல் டேங்கில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் மேலப்பிடாவூருக்குப் பிறகு அவன் அம்மா சொல்லிவிட்டார்: "வண்டிய ஊருக்குள்ள கொண்டுவராதடா. இல்லன்னா ஊர்த் தெரு வரும்போது இறங்கித் தள்ளிக்கிட்டு வா." தள்ள மனம் வரவில்லை. கடையின் பின்கொட்டகையில் உறை போட்டு நிறுத்திவிட்டு, பேருந்தில் வருகிறான். காரைக்குடிக்குள் மட்டும் ஓட்டுகிறான். மாதம் தவறாமல் தவணை கட்டுகிறான்.

நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து பேசினோம். ஒரு நாள் எல்லாரும் வண்டியில் வருகிறோம், நீ நடுவில் வா, யார் தடுக்கிறார்கள் பார்ப்போம் என்றோம். உற்சாகமாகத் தலையாட்டுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"பத்துப் பேர் வந்தா அது ஊர்வலம்ணே. ஒரு நாள் வரலாம். மறுநாள்? எனக்கு ஊர்வலம் வேண்டாம். வேலை முடிஞ்சு, கை கால் கழுவிட்டு, ஒத்தையா, சும்மா என் வண்டியில என் வீட்டுக்கு வரணும். அம்புட்டுதான்."